தெற்கெல்லையில் இரண்டு பொத்தான்கள்

என் அண்ணை எந்த வாக்கியத்தையும் "இல்லை" என்றுதான் தொடங்குவார். மறுக்கும்போது மட்டுமல்ல, ஒத்துக்கொள்ளும்போதும் அப்படித்தான். "இல்லை, நீ சொல்லுறது சரிதான்" என்பார். "இல்லை, தேத்தண்ணியைப் போடச் சொல்லு, குடிப்பம்" என்பார். அவர் நில அளவையாளராக இருந்தவர். காணிக்காரர் கைநீட்டிக் காட்டும் எல்லையை முதலில் மறுத்துவிட்டுத்தான் அளவுச் சங்கிலியை விரிக்கவேண்டும் என்பது அவர் தொழிலில் கற்றுக்கொண்டது. ஓய்வுபெற்றபோது சங்கிலியையும் முக்காலியையும் திணைக்களத்திடம் ஒப்படைத்தார். அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் காணிப் பதிவகம் ஒன்றில் இலிகிதராகச் சேர்ந்து பிரதம இலிகிதராக வெளியே வந்தவன். அவர் அளந்த காணிகளின் உறுதிப் பத்திரங்கள் சில என் மேசைக்கும் வரும். "நான் அளக்காட்டில் நீ என்னத்தைப் பதியிறது?" என்று அவர் கேட்பார். "நான் பதியாட்டில் நீங்கள் அளந்த காணி ஆருக்கு?" என்று நான் கேட்பேன். பல வருடங்கள் இதே இரண்டு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டு, விடை எதுவும் கிடைக்காமலே இருவரும் ஓய்வுபெற்றோம்.

சென்ற வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. வலக்கால் இழுபட்டது. பேச்சுப் போய்விட்டது. போன பேச்சில் ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. "சரி." பசித்தாலும் சரி சரி, பசிக்காவிட்டாலும் சரி சரி, நரம்பு கிடைக்காமல் தாதி மூன்றாம் தடவை ஊசி குத்தினாலும் சரி சரி. எழுபது வருடமாக அவர் வாயில் மிக அரிதாக வந்த சொல் அதுதான். நோய்க்கும் ஒரு நகைச்சுவை உணர்வு இருக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விளக்கமாகச் சொன்னார். "ஐயாவுக்கு எல்லாம் விளங்குது. வாய்தான் சொல்வழி கேக்குதில்லை. தலையாட்டுறதையும் நம்பாதேங்கோ, அது தன்பாட்டிலை ஆடுது. எழுத்துப் பாதிதான் பிடிபடும். ஆனா எது எங்கை இருக்கெண்டது அவருக்கு நல்லாப் பிடிபடும்." ஒரு மட்டையில் படங்கள் ஒட்டிக் கொடுத்தார். தண்ணீர்க் குவளை, கட்டில், சிரித்த முகம், அழுத முகம். அண்ணை மட்டையை இடக்கையால் வாங்கிப் பார்த்தார். சிரித்த முகத்தையும் பார்த்தார். பிறகு "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்குக் கீழே போட்டார்.

அவருக்கு ஒரே மகள். கொழும்பில் வேலை, ஆறாம் மாடியில் வீடு. அண்ணி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பண்டத்தரிப்பு வீட்டில் அண்ணையோடு இருப்பது சமையலுக்கு வரும் ஓர் அம்மா மட்டுந்தான், அவரும் மத்தியானத்தோடு போய்விடுவார். மானிப்பாயிலிருந்து நான் பஸ்ஸில் ஒன்றுவிட்ட ஒருநாள் போய்வருவேன். மகள் ஒரு தொடுதிரைக் கணினியை வாங்கி அனுப்பியிருந்தாள். "உதிலை ஏதும் செய்யேலுமோ சித்தப்பா?" என்று கேட்டாள். ஏலும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு பழைய கோபம் காரணம்.

நான் வேலைசெய்த காலத்தில் எங்கள் பதிவகத்துக்குக் கணினி நிரல் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார்கள். எழுதியவர் தன்னுடைய அகலமான திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுடைய திரை சிறியது. "சேமி" என்ற பொத்தான் திரையின் விளிம்புக்குக் கீழே, எவர் கண்ணுக்கும் தெரியாத பாதாளத்தில் இருந்தது. டாப் சாவியை ஏழு தடவை தட்டி, நம்பிக்கையோடு என்டர் சாவியை ஒருதடவை தட்டவேண்டும். இதை நான் அலுவலக அறிவுறுத்தலாக எழுதி, கையொப்பமிட்டு, சுவரில் ஒட்டினேன். புதிதாக வந்தவர்கள் அதை மந்திரம்போலப் பாடமாக்கினார்கள். இப்படியொரு பொத்தானைச் செய்கிறவன் எப்படிப்பட்ட மனிதனாக இருப்பான் என்ற கேள்வி என்னோடு ஓய்வுபெற்றது. அதற்கு விடை காண்பதற்காகவே ஜாவாப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன்.

விடை சீக்கிரமே கிடைத்தது. அவன் என்னைப் போன்றவனாகத்தான் இருப்பான்.

அண்ணைக்காக நான் எழுதிய முதல் நிரலில், ஒவ்வொரு பொத்தானும் இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி என்று எண் கொடுத்து வைத்தேன். நில அளவையாளரின் தம்பி வேறெப்படி வைப்பான்? ஒரு பொத்தானைத் தொட்டால் அந்தச் சொல்லைக் கணினி உரக்கச் சொல்லும். குரல் என்னுடையது, வேறு குரலுக்கு எங்கே போவது? என் வீட்டுத் திரையில் எல்லாம் அழகாக நின்றன. அண்ணையின் சிறிய திரையில் திறந்தபோது தமிழ் எழுத்துகள் வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்தன, கடைசி வரிசையில் இருந்த "ஓம்", "இல்லை" இரண்டும் பாதாளத்துக்குப் போயிருந்தன. எழுத்துருவை மாற்றியதும் சதுரங்கள் தமிழாகின. பாதாளத்துக்கு அப்படியொரு மருந்து இருக்கவில்லை.

புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் லேஅவுட் மனேஜர்களைப் பற்றியது. பொத்தான்களுக்கு நாம் இடம் குறிக்கக்கூடாது. ஒரு முகாமையாளரை நியமித்துவிட்டால் திரையின் அளவைப் பார்த்து அவரே இடம் ஒதுக்குவார். இப்படிப்பட்ட முகாமையாளர்களிடம் நான் முப்பத்துமூன்று வருடம் வேலைசெய்திருக்கிறேன். ஃப்ளோ லேஅவுட் என்பவர் வந்தவர்களை வந்த ஒழுங்கில் வாங்கில் இருத்துவார், வாங்கு நிரம்பினால் அடுத்த வாங்கு. ஆளைப் பார்க்கமாட்டார். கிரிட் லேஅவுட் எல்லோருக்கும் சமமான பெட்டி கொடுப்பார். மெலிந்தவனும் தடித்தவனும் ஒரே அளவு கதிரையில் இருக்கவேண்டும். மூன்றாமவர் போர்டர் லேஅவுட். திரையைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நடு என்று ஐந்தாகப் பிரிப்பார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. இது ஒரு காணி உறுதி! நான்கு எல்லைகள், அவற்றுக்குள் அடங்கிய நிலம்.

எங்கள் பக்கத்து உறுதிகளில் எல்லைகளைக் கிழக்கிலிருந்து எழுதுவோம். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. நிரலையும் அதே ஒழுங்கில் எழுதினேன். முதல் வரி, கிழக்கு: "இல்லை". முதலில் இருப்பது முக்கியமானது, பதிவகத்தில் ஓர் இலிகிதன் முதலில் பழகுகிற சொல்லும் அதுதான். இரண்டாம் வரி, வடக்கு: தொட்ட சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டும் பட்டை. மூன்றாம் வரி, மேற்கு: "ஆரும் வாங்கோ", இடக்கைக்கு மிகவும் கிட்ட. நடுவில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறிய பொத்தான்கள்: தண்ணி, பசி, தலையிடி, கக்கூசு, ஃபான், பேப்பர் என்று. கடைசி வரி, தெற்கு: "ஓம்".

வீட்டில் மனைவி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் ஊராற்றை காணிக்கு எல்லை பாத்தியள். இப்ப கொம்பியூட்டருக்கும் வேலி அடைக்கிறியளோ?"

"வேலி இல்லை, போர்டர்."

"அப்ப சண்டை வரும்" என்றாள்.

அண்ணை நிரலை ஒரு பார்வை பார்த்தார். வடக்கு மேலே இருப்பதைக் கண்டதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சுட்டுவிரலை நீட்டி ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக் கேட்டார். பக்கவாட்டில் திரும்பி என்னை முறைத்தார். தன் சார்பில் தம்பியின் குரல் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது விளங்கியது. இருந்தாலும் கட்டிலுக்குக் கீழே போடவில்லை.

ஒரு கிழமை கழித்துச் சமையலம்மா முறைப்பாடு சொன்னார். "ஐயா இண்டைக்கு ரெண்டு தரம் புட்டுச் சாப்பிட்டவர். பிறகும் பசி எண்டுறார்." அருகில் இருந்து பார்த்தேன். இடக்கை உடம்பைத் தாண்டிக் கிழக்கே "இல்லை"க்குப் போகும் வழியில் களைத்து, நடுவில் இருந்த "பசி"யின்மேல் விழுந்தது. அண்ணை வேண்டாம் வேண்டாம் என்று மறுக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு இன்னொரு கோப்பை புட்டு வந்திருக்கிறது.

கிழக்கிலிருந்து "இல்லை"யைத் தெற்குக்கு மாற்றவேண்டும். நிரலில் ஒரு சொல்தான்: கிழக்கு என்று இருந்ததைத் தெற்கு என்று ஆக்குவது. தெற்கில் ஏற்கெனவே "ஓம்" இருந்ததை நான் மறக்கவில்லை. ஓர் எல்லையில் இரண்டு பேர் இருப்பது உறுதியில் வழமைதான். "தெற்கு இன்னாரது காணியும் இன்னாரது காணியும்" என்று எத்தனை எழுதியிருப்பேன். அப்படியே ஏதும் பிணக்கு வந்தாலும், முதலில் பதிந்தது செல்லும் என்பதுதானே பதிவுச் சட்டம். "இல்லை" முதல் வரியில் இருக்கிறது. அதை எவர் அசைக்கமுடியும்?

"இல்லை" இனித் தெற்கில் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டு மாற்றினேன். கம்பைல் செய்து, கணினிக்கு விளங்கும் வடிவுக்குக் கொண்டுவந்தேன். ஆட்சேபனை எதுவும் வரவில்லை. நிரல் திறந்தது; தெற்கில் "ஓம்" அகலமாகப் பளிச்சென்று தெரிந்தது. அண்ணை தொட்டார். "ஓம்" என்றது என் குரல். சமையலம்மா கைதட்டினார். பஸ் வரும் நேரம். நான் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓர் உறுதியில் ஒரு முதலெழுத்து விடுபட்டிருந்தாலும் அதை எழுதிய நொத்தாரிசுக்குத் திருப்பி அனுப்பியவன் நான். இணைப்புகளை எண்ணாமல் ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. அன்றைக்குப் பொத்தான்களை எண்ணவில்லை.

இரண்டு நாளில் மகள் லீவில் வந்தாள். அவள் தகப்பனிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி, தன்னோடு கொழும்புக்கு வந்து இருக்கிறாரா என்பது. மாலையே எனக்குப் போன் எடுத்தாள்.

"சித்தப்பா! அப்பா ஓமெண்டிட்டார்!"

"என்னத்துக்கு?"

"எங்களோடை கொழும்பிலை வந்து இருக்கிறதுக்கு. மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் ஓம். பட்டனை அப்பிடியொரு அமத்து அமத்துறார், கொம்பியூட்டர் உடைஞ்சிடும் போலை."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொழும்பில் மகள் வீட்டுக்கு இரண்டு கிழமைக்குப் போனால்கூட மூன்றாம் நாள் விடியற்காலையில் ஊருக்குத் திரும்பப் பையோடு வாசலில் நிற்கிற மனிதர் அவர். ஆனால் பாரிசவாதம் மனிதரை மாற்றிவிடும் என்று சொல்கிறார்களே. கொஞ்சம் மனம் சுணங்கியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? என் நிரலால் நிறைவேற்றப்பட்ட முதலாவது முக்கிய ஆவணம் அது.

அவள் ரயிலுக்குப் பதிவுசெய்தாள். வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாள். அந்தக் கிழமை எனக்குத் தடிமன். அண்ணைக்குத் தொற்றக்கூடாது என்று போகாமல் இருந்தேன். போனில் தினமும் அறிக்கை வந்தது. அப்பா நல்ல சந்தோசம், எதைக் கேட்டாலும் ஓம். "ஒரே ஒரு கரைச்சல்தான் சித்தப்பா. தலையிடிக்குது, தலையிடிக்குது எண்டுகொண்டே இருக்கிறார். பிறஷர் பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கு. குளிசை குடுத்தால் துப்புறார்."

"எப்ப இடிக்குதாம்?"

"நான் பெட்டி அடுக்கேக்கைதான் கூட."

நான் யோசித்தேன். அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வராத பழக்கம் எனக்கு அரசாங்கம் கற்றுத்தந்தது. அதனால் அன்றும் எந்த முடிவுக்கும் வரவில்லை.

ரயிலுக்கு முதல் நாள் காலையில் அவள் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். "அப்பா இடக்கையாலை காணிப் படம் கீறி வைச்சிருக்கிறார். வீட்டை விட்டிட்டுப் போறது கவலை போலை, பாவம்" என்று கீழே எழுதியிருந்தாள்.

எழுத்து அவர் கையைவிட்டுப் போயிருந்தது. கோடு போகவில்லை. நடுங்கிய கோடுதான், ஆனாலும் அளவையாளரின் கோடு. ஒரு நீள்சதுரம். மேலே வடக்கைக் காட்டும் அம்புக்குறி. அதில்லாமல் அவர் எதையும் கீறமாட்டார். நீள்சதுரத்தின் நடுவில் ஒன்பது துண்டுகள். மேற்கே ஓர் ஒடுங்கிய கீற்று. வடக்கே ஒரு கீற்று. கிழக்கில் எதுவும் இல்லை. தெற்குக் கீற்றை நட்டநடுவில் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்திருந்தார். கிழக்கின் வெறுமையிலிருந்து அந்தப் பிரித்த துண்டுகளில் ஒன்றுக்கு ஓர் அம்பு. அந்தத் துண்டின்மேல் பெருக்கல் குறிபோலப் பெரிய புள்ளடி.

ஒன்பது துண்டுக் காணி எது? எனக்குத் தெரிந்த உறுதிகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். பண்டத்தரிப்பு வீட்டுக் காணி ஒரே துண்டு. தோட்டக் காணி இரண்டு. கிழக்கெல்லை இல்லாத காணி உலகத்தில் இல்லை. அவர் அப்படியொரு பிழையைக் காய்ச்சலிலும் விடமாட்டார். மேற்கே ஒரு கீற்று, வடக்கே ஒரு கீற்று, நடுவில் மூன்றுக்கு மூன்று...

எழும்பிப்போய் என் கணினியில் நிரலைத் திறந்தேன். தெற்கெல்லை முழுவதும் "ஓம்". இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் "ஓம்" மட்டுந்தான். "இல்லை" எங்கும் இல்லை. "இல்லை" இருக்கும் என்று நான் சொன்ன தெற்கெல்லையைத்தான் அண்ணை ஒவ்வொரு தடவையும் அழுத்தியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் "ஓம்" வந்திருக்கிறது.

புத்தகத்தில் அது சிறிய எழுத்தில் இருந்தது. போர்டர் லேஅவுட்டில் ஒரு பகுதியில் ஒரேயொரு பொருளுக்குத்தான் இடம். இரண்டை வைத்தால் கடைசியாக வைத்ததே நிற்கும். முதலில் வைத்ததற்கு அளவும் இல்லை, இடமும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. பதிவுச் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்திவைத்த சட்டம்! அண்ணையிடமிருந்து "இல்லை" என்ற சொல்லை நோய் ஒருதடவை பறித்தது. இரண்டாம் தடவை பறித்தது நான்.

உடனே போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்தக் கொம்பியூட்டரைப் பார். 'இல்லை' எண்டொரு பட்டன் உதிலை இருக்கோ?"

"இல்லை, சித்தப்பா."

"'இல்லை' இருக்கோ?"

"அதுதானே சொல்லுறன், இல்லை."

"நான் கேக்கிறது, 'இல்லை' எண்ட பட்டன் இருக்கோ இல்லையோ?"

"ஐயோ சித்தப்பா, 'இல்லை' இல்லை! அப்பிடியொரு பட்டன் இருந்ததோ?"

அவள் வந்தபோது அது ஏற்கெனவே போய்விட்டது. அவளுக்கு எப்படித் தெரியும்? நான் விசயத்தைச் சொன்னேன். பிறகு அவள் திரும்பித் தகப்பனிடம் கேட்பது கேட்டது. "அப்பா, அப்ப நீங்கள் கொழும்புக்கு வரமாட்டியளோ?" என் குரல் அங்கிருந்து சொன்னது: "ஓம்."

"பாத்தியளோ சித்தப்பா," என்றாள் அவள், குரல் உடைந்துபோய். "வாறியளோ எண்டாலும் ஓம். வரமாட்டியளோ எண்டாலும் ஓம். இனி நான் எதை நம்புறது? அப்பாவுக்கு ஒண்டும் விளங்கேல்லையோ தெரியேல்லை. அப்பிடியெண்டால் இஞ்சை தனிய விடவே ஏலாது."

நிலைமை இப்போது முன்னையதைவிட மோசம். பொத்தான் தொலைந்தது என்பது போய், மனிதரின் புத்தியே தொலைந்தது என்று முடிவாகப்போகிறது. நாளைக் காலை ரயில். "நான் வரும்வரைக்கும் ஒரு கேள்வியும் கேக்காதை" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

பஸ் தன் வழமைப்படி பிந்தியது. சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒருவர் வாழைக்குலைகளை ஏற்றினார். நடத்துநர் குலைகளுக்கு இடம் பார்த்தார். முதலில் ஏற்றியது உள்ளே, கடைசியில் ஏற்றியது வாசலில். இறங்குகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் குலை மட்டுந்தான். போர்டர் லேஅவுட்டை நேரத்துக்கு இந்த பஸ்ஸில் படித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

விறாந்தையில் இரண்டு பெட்டிகள் கட்டி நின்றன. அண்ணை கதிரையில், மடியில் விழுந்துபோன வலக்கை, முன்னால் கணினி. என்னைக் கண்டதும் "சரி சரி சரி சரி" என்றார். அதைவிடக் கடுமையான ஏச்சை நான் அவரிடம் ஒருநாளும் வாங்கியதில்லை.

"படம் கிடைச்சது, அண்ணை" என்றேன். "தெற்கெல்லை. விளங்கிச்சு."

அவர் வாய் மூடிக்கொண்டது. முகம் மெல்ல இளகியது. கணினியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

செய்யவேண்டியது எனக்குத் தெரிந்த வேலைதான். ஒரு துண்டில் இரண்டு பேரை இருத்தவேண்டுமானால் முதலில் அந்தத் துண்டைப் பிரித்துப் பங்கீடு செய்யவேண்டும், பிறகுதான் பதியவேண்டும். ஒரு சிறிய பலகையை உருவாக்கினேன். கிரிட் லேஅவுட்டை நியமித்தேன். ஒரு வரிசை, இரண்டு சமமான பங்கு. இடப்பங்கு "இல்லை", வலப்பங்கு "ஓம்". பிறகு பலகையை ஒரே பொருளாகத் தெற்கில் வைத்தேன். மகள் எனக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. இந்தத் தடவை திரையில் விரல் வைத்து எண்ணினேன். மேற்கு ஒன்று. நடு ஒன்பது. தெற்கு இரண்டு. பன்னிரண்டும் இருந்தன. சரி என்று சொல்ல வாய் எடுத்து, அந்த வீட்டில் அந்தச் சொல்லின் பெறுமதியை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

"இனிக் கேக்கட்டோ?" என்றாள் மகள்.

"பொறு. சாட்சியை முதலிலை சோதிக்கவேணும். இல்லாட்டில் நாளைக்கு நீயே ஆட்சேபனை எழுப்புவாய்." அண்ணையின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "அண்ணை, இது பண்டத்தரிப்போ?"

ஓம்.

"இப்ப வெளியிலை மழை பெய்யுதோ?"

யன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அண்ணை சுட்டுவிரலை நீட்டி, புதிதாக வந்த பொத்தானை முதலில் தொட்டுப் பார்த்தார், சூடு பார்ப்பதுபோல. பிறகு அழுத்தினார்.

"இல்லை" என்றது என் குரல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. "உங்களுக்கு நான் மூத்தவனோ?"

இல்லை. இல்லை. இல்லை. மூன்று தடவை. கேள்வி அவரைப் புண்படுத்தியிருந்தது.

"உங்கடை தம்பி கெட்டிக்காரனோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். விரலை "ஓம்"முக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே பிடித்து வைத்திருந்தார். பிறகு இடப்பக்கம் நகர்த்தி அழுத்தினார். சமையலம்மா குசினி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். சாட்சி தெளிந்த புத்தியோடு இருக்கிறது என்பதில் இனி எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

"இப்ப கேள், பிள்ளை."

அவள் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். "அப்பா. நாளைக்கு என்னோடை கொழும்புக்கு வாறியளோ?"

இல்லை.

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

ஓம்.

"இஞ்சையே இருக்கப்போறியளோ?"

ஓம். அதோடு நிறுத்தாமல் பெட்டிகளின் பக்கம் தாடையைக் காட்டிவிட்டு, நடுவில் இருந்த பொத்தான் ஒன்றை அழுத்தினார். "தலையிடி."

அவள் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். "இவ்வளவு நாளும் நான் குளிசை குடுத்தனான், தலையிடி இந்தப் பெட்டியள்தான் எண்டெல்லே அப்பா சொல்லியிருக்கிறார்" என்று தகப்பனின் வலக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "உண்மையைச் சொன்னால் சித்தப்பா, எனக்கும் இப்பத்தான் மூச்சு வருது. அங்கை லிஃப்ட் கிழமையிலை ரெண்டு நாள் வேலை செய்யாது. ஆறாம் மாடிக்கு இவரை எப்பிடி ஏத்துறது, நான் வேலைக்குப் போனால் ஆர் பாக்கிறது எண்டு நித்திரையே இல்லை. ஓமெண்ட மனிசனை எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது? அதுதான் பேசாமல் பெட்டியைக் கட்டினனான்."

ஆக, போக விரும்பாத ஒருவரும், கூட்டிப்போகப் பயந்த ஒருத்தியும், என் தயவால் ஒரு கிழமை முழுவதும் மிகுந்த ஒற்றுமையோடு பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். கந்தோர்களில் இப்படி நடந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எவரும் விரும்பாத ஒரு காரியம், எவரும் "இல்லை" என்று எழுதாத ஒரே காரணத்தால் மேசை மேசையாக நகர்ந்து நிறைவேறிவிடும்.

மற்ற ஒழுங்குகள் அரைமணி நேரத்தில் முடிந்தன. சமையலம்மா இனி மாலைவரைக்கும் நிற்பார், கேட்டதும் உடனே சம்மதித்தார், "ஐயா கதைக்கத் தொடங்கினால் எனக்கும் பொழுது போகும்." நான் தினமும் வருவேன். மகள் ரயிலை இன்னொரு கிழமைக்குத் தள்ளிப்போட்டு, மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அண்ணையிடம் கேட்டு, அவர் விரலால் அழுத்திய பின்னரே தீர்மானமாக எடுத்தோம். இரண்டு பெட்டிகளையும் அவிழ்த்தார்கள். அடியிலிருந்து அவருடைய பழைய சாரங்கள் வந்தன, வடக்கு அறை அலுமாரிக்குத் திரும்பிப் போயின.

வெளிக்கிடும்போது ஓர் அரசாங்க ஊழியனின் கடமையுணர்வோடு கேட்டேன். "அண்ணை, 'ஓம்' கொஞ்சம் தூரம் போலை கிடக்கு. அடுத்தமுறை வரேக்கை இடத்தை மாத்திவிடட்டோ?"

இல்லை.

"எழுத்தையாவது பெரிசாக்கட்டோ?"

இல்லை. அழுத்திவிட்டு, கணினியை எனக்கு எட்டாத பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

படலையைத் திறந்தபோது உள்ளே அவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, தேத்தண்ணி வேணுமோ? இல்லை. ஃபானைப் போடட்டோ? இல்லை. பேப்பர் வாசிக்கட்டோ? இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு மகள் சிரித்தாள். மூன்றும் அவருக்குத் தேவை என்பது எனக்குத் தெரியும். அவர் வாக்கியத்தைத் தொடங்குகிறார், அவ்வளவுதான். முப்பத்துமூன்று வருடம் அதே குரலில் அதே சொல்லை பதிவக யன்னலுக்கு உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு ஒருவராவது சிரித்த நினைவு எனக்கில்லை.

சந்தியில் பஸ் எனக்காக நின்றதுபோல நின்றது. ஏறினேன். யன்னலோரம் இடமும் இருந்தது.